மறைத்தல் எப்படி அருளாகும்?

சைவ சமய பாடத்தில் ஐந்தொழிலை நாங்கள் எல்லோரும் பாடமாக்கினோம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். முதல் மூன்றும் சிறுபிள்ளைக்கும் விளங்கும். ஐந்தாவது விளங்காவிட்டாலும் கேட்க இனிமையாயிருக்கும். நாலாவதில்தான் நான் தடக்குப்பட்டு நின்றேன். கடவுள் எதற்காக மறைக்க வேண்டும்? ஒன்றைத் தெரியவிடாமல் மறைப்பவர் எப்படிக் கருணையுள்ளவர் ஆவார்? சித்தாந்தம் படிப்பித்தவர்கள் திரோதான சக்தியும் அருளே என்றார்கள். உயிர்கள் வினைகளை அனுபவித்து மலம் பக்குவப்படும் வரைக்கும் இறைவன் தன்னை மறைத்து உலகத்தைக் காட்டுகிறான், அந்த மறைப்பு இல்லாவிட்டால் உயிர் எதையும் அனுபவித்துக் கழிக்காது என்று விளக்கினார்கள். பதிலைப் படித்துச் சோதனையில் எழுதிப் புள்ளியும் எடுத்தேன். ஆனால் மனம் அந்தப் பதிலில் ஆறவில்லை.

அதில் ஒரு பங்கென்றாலும் எனக்குப் பிடிபட்டது நான் செய்யும் தொழிலால்தான். நான் யாழ்ப்பாணத்துப் புத்தூரில் வீட்டுக் கணினிகள் திருத்துபவன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இருக்கும் கணினிகள் பெரும்பாலும் பழையவை. வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய காசில் எப்போதோ வாங்கியது, கொழும்பிலிருந்து வந்த பாவித்த மெஷின், ஏ.எல். படித்த மகளுக்கென்று வாங்கி இப்போது தாய் தகப்பன் பாவிக்கும் மடிக்கணினி. 2022 நெருக்கடியில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரைக்கும் ஏறியபோது புதிது வாங்கும் எண்ணத்தையே பலர் விட்டுவிட்டார்கள். 4 ஜீபீ ராம், சுழலும் ஹாட் டிஸ்க், அதற்குள் குடும்பத்தின் முழு உலகமும். வருகிறவர்கள் சொல்லும் குறையும் அநேகமாக ஒன்றேதான்: ‘அண்ணை, கொம்பியூட்டர் சரியா இழுபடுது.’ வைரஸ் என்று பயந்து கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் இருப்பது உலாவி. அதில் வரிசையாகத் திறந்து கிடக்கும் தாவல்கள். இருக்கிற நினைவகத்தில் முக்கால்வாசியை அவை பிடித்துக்கொண்டிருக்கும்.

உலாவி ராமைத் தின்னுது என்று எல்லோரும் ஏசுகிறார்கள். அந்த ஏச்சு முழுக்க நியாயமில்லை. 2008 செப்டெம்பரில் கூகிள் தன் குரோமை வெளியிட்டபோது ஒவ்வொரு தாவலையும் தனித்தனிச் செயல்முறையாக ஓடவிடும் வழியைக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒரு பக்கம் கோளாறாகி நின்றால் திறந்திருந்த அத்தனையும் சேர்ந்து விழும். தனியாக ஓடவிட்டதால் ஒன்று விழுந்தாலும் மற்றவை தப்பின. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பெயரில் செயலிச் சில்லுகளிலேயே இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு தளம் இன்னொரு தளத்தின் நினைவை எட்டிப் பார்க்கலாம் என்ற நிலை. அந்த ஆண்டே குரோம், ஒரே பக்கத்துக்குள் வரும் வேறு தளத்தின் துண்டுகளைக்கூடப் பிரித்து வைத்தது. அதனால் நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகிளே சொன்னது. ஃபயர்பொக்ஸும் 2021இல் அந்த வழிக்கு வந்தது. வங்கிக் கணக்கைத் திறந்திருக்கும் தாவலையும் பக்கத்தில் ஓடும் விளம்பரத்தையும் பிரிக்கிற சுவருக்கு நாங்கள் ராமால் விலை கொடுக்கிறோம். பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலையை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

நினைவகத்தைப் பற்றி எனக்கு ஆழமாகப் பட்ட விஷயம் வேறு. ராம் என்று நாங்கள் சொருகுகிற அந்தப் பச்சைப் பலகையில் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய ஒரு மின்தேக்கியில் நிற்கிற மின்னேற்றம். ஐபிஎம்மில் வேலை செய்த ரொபேர்ட் டெனார்ட் 1966இல் இந்த அமைப்பைக் கண்டார். இன்றுவரை அடிப்படை அதுதான். அந்த மின்னேற்றம் நிற்காது, கசிந்துகொண்டேயிருக்கும். பொதுவாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒருதரம் அதை வாசித்துத் திரும்ப எழுதவேண்டும். எழுதாவிட்டால் ஒன்று எது, சுழியம் எது என்று தெரியாமல் போய்விடும். ஆக, நினைவு என்பது ஓரிடத்தில் வைத்துவிட்டு வரக்கூடிய பொருளாக இல்லை. ஒரு செக்கனுக்குள் பதினைந்து தரத்துக்கு மேல் யாரோ புதுப்பித்துக்கொண்டிருக்கும் காரியம் அது. கரண்ட் போனால் அந்தக் காரியம் நிற்கிறது, நினைவும் நிற்கிறது.

இதைப் படித்த அன்று எனக்குச் சிவஞான சித்தியாரின் பரபக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே அருணந்தி சிவம் சௌத்திராந்திகன் என்ற பௌத்தனை நிறுத்தி வாதாடுகிறார். எல்லாம் கணத்துக்குக் கணம் தோன்றி அழிகிறது என்பது சௌத்திராந்திகன் கட்சி. ராமுக்குள் பார்த்தால் அவன் சொல்வது சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் புதுப்பிக்கிற ஒன்று நிலைத்து நின்றால்தானே இந்தக் கணத்து ஒன்று அடுத்த கணத்திலும் ஒன்றாக இருக்கும்? நேற்றுக் கண்டதை இன்றைக்கு நினைக்க வேண்டுமென்றால் நேற்றும் இன்றும் இருந்த ஒருவர் வேண்டும். நான் சித்தாந்தியின் பக்கம் நிற்பது இதனால்தான். கூடவே இன்னொன்றும் விளங்கியது. நினைவில் வைத்திருப்பதற்கு விலை உண்டு. பிடித்திருக்கிற ஒவ்வொன்றுக்கும் கணந்தோறும் பலம் செலவாகிறது, எங்களுக்குத் தெரியாவிட்டாலும்.

அந்தப் பலத்துக்கு எல்லை இருப்பதைப் புத்தூரில் இருப்பவனுக்கு விளங்கப்படுத்த நிலாவரை போதும். நவக்கிரியில் இருக்கும் அந்தக் கிணறு சுண்ணக்கல் குடைவில் தானாக உண்டானது. படையின் தாகம் தீர இராமர் அம்பை ஊன்றியதால் வந்தது என்பது ஊர்க்கதை. அடி இல்லாத கிணறு என்று சின்ன வயதில் எட்டிப் பார்த்துப் பயந்திருக்கிறோம். புத்தூர்க் கிணற்றைப் பற்றி எமர்சன் ரெனன்ற் 1859இல் வெளியான தன் இலங்கை நூலிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் கிணற்றின் மேல்நீர் நன்னீர். ஆழம் போகப்போக உவர். குடாநாடு முழுவதும் இப்படித்தான்: மழையால் இறங்கிய நன்னீர், பாரங்கூடிய கடல்நீரின் மேலே ஒரு மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. அளவாக அள்ளினால் மேலே இருப்பது மேலேயே இருக்கும். பெரிய பம்பை வைத்து ஒரேயடியாக இழுத்தால் கீழே கிடந்த உவர் மேலே ஏறும். ஏறினால் தோட்டம் போய்விடும், அது திரும்பக் கீழே இறங்க எத்தனையோ மாரி வேண்டும்.

கணினியின் நினைவகமும் அடியில்லாததுபோலத் தோன்றும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. 1962இல் மன்செஸ்டரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கணினியில் அந்த உத்தி வந்தது. ராம் நிரம்பினால் இயங்குதளம் சில பக்கங்களை எடுத்து வட்டில் வைத்துவிட்டு, இன்னும் இடம் இருக்கிறது என்று நிரல்களுக்குச் சொல்லும். நிரல்கள் நம்பும். பாவிக்கிற நாங்களும் நம்புகிறோம், இன்னொரு தாவலைத் திறக்கிறோம். ஆனால் ராமில் ஒன்றைத் தேடி எடுக்க ஏறத்தாழ 100 நானோசெக்கன். சுழலும் வட்டில் முனை நகர்ந்து எடுக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன். ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். பெட்டியின் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், உள்ளேயிருந்து டிக் டிக் என்று வட்டு அரைபடும் சத்தம் வரும், சுட்டி அசையாது. உவர் மேலே வந்துவிட்டது என்பதன் அடையாளங்கள் அவை.

அப்படியானால் எதை வைத்திருப்பது, எதை விடுவது என்று யார் தீர்மானிப்பது? இந்த இடத்தில் கணினி அறிவியல் ஒரு விதியைக் கண்டிருக்கிறது. அது எனக்கு ஒரு சமய விதிபோலவே படுகிறது. லிஸ்ப் மொழியை உருவாக்கிய ஜோன் மெக்கார்த்தி 1959 அளவில் வகுத்த முறை அது. குப்பை சேகரிப்பு என்று பெயர். இன்றைக்கு ஒவ்வொரு உலாவியின் உள்ளேயும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பொருள் குப்பையா என்று தீர்மானிக்க அதன் வயதை அது பார்ப்பதில்லை. பருமனைப் பார்ப்பதில்லை. கடைசியாக எப்போது பாவித்தோம் என்றும் கேட்பதில்லை. வேர் என்று சில இடங்கள் உண்டு. அந்த வேரிலிருந்து புறப்பட்டு, யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். தொடமுடிந்தவை எல்லாம் வாழும். வேரிலிருந்து ஒரே ஒரு பிடி மிஞ்சியிருந்தாலும், எவ்வளவு பழையதானாலும் அதைக் கழிக்கமாட்டாது. வேரிலிருந்து சென்றடைய வழியே இல்லாதது மட்டும் போகும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, வேரோடு தொடர்பற்றுக் கிடக்கலாம். பழைய இன்ரநெற் எக்ஸ்புளோரர் 6இல் இப்படிப்பட்ட சோடிகள் கழியாமல் சேர்ந்து சேர்ந்து கணினியை நிறைத்தன. அங்கே பிடிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தார்கள். ‘இவரை ஒருவர் பிடித்திருக்கிறார், ஆகவே வேண்டியவர்’ என்று விட்டுவிட்டார்கள். மெக்கார்த்தியின் முறை அந்த மயக்கத்துக்கு ஆளாகவில்லை. ஒன்றையொன்று பற்றியிருப்பது போதாது, வேரைப் பற்றியிருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. உயிர் எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாகும் என்பது மெய்கண்டார் மரபின் அடிப்படைக் கொள்கை. பாசத்தைச் சார்ந்தால் பாசத்தின் வண்ணம், பதியைச் சார்ந்தால் பதியின் வண்ணம். என் கோபம் ஒரு பழைய அவமானத்தைப் பிடித்திருக்கிறது, அந்த அவமானம் என் கோபத்தைப் பிடித்திருக்கிறது. இரண்டுக்கும் வேரில்லை. ஆனாலும் வருடக்கணக்காக மனத்தின் இடத்தை அவை அடைத்துக்கொண்டிருக்கும். தியானத்தில் இருக்கும்போது நான் செய்து பார்ப்பது இதைத்தான்: வேரிலிருந்து தொடங்கித் தொட்டுப் பார்ப்பது.

நினைவுக் கசிவு என்று எங்கள் தொழிலில் சொல்லும் நோய் எதுவென்றால், ஒரு நிரல் தனக்கு இனி வேண்டாத ஒன்றைப் பிடித்திருக்கும், பிடித்திருப்பதையும் அது மறந்திருக்கும். உமாபதி சிவம் திருவருட்பயனில் ஆணவத்தையும் இருளையும் ஒப்பிட்டு ஒரு வேறுபாடு காட்டுகிறார். இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதைக் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது. கசிவும் அப்படித்தான். எந்தத் தாவல், எந்தப் பக்கம் என்று தெரியாமல் மணிக்கணக்கில் தேடவைக்கும்.

இங்கேதான் என் பழைய கேள்வி எனக்குத் துலங்கத் தொடங்கியது. மறைப்பவை இரண்டு. ஆணவமும் மறைக்கிறது, சிவமும் மறைக்கிறது. நான் இவ்வளவு காலமும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழம்பியிருந்தேன்.

ஆவரங்கால் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இருக்கிறார். தனியாக வசிக்கிறார். பிள்ளைகள் லண்டனிலும் நோர்வேயிலும். அவருடைய கணினி நின்று நின்று ஓடுகிறது என்று போனேன். உலாவியில் தாவல்கள் கூடிக்கூடி, தலைப்பு எழுத்துகள் எல்லாம் நசிந்து, சின்னப் படங்கள் மட்டும் பல்வரிசைபோலத் தெரிந்தன. மரண அறிவித்தல்கள், கோயில் திருவிழா நேரலை, பேரப்பிள்ளையின் அரங்கேற்றம், மருந்தொன்றைப் பற்றிய பக்கம், சமையல். எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திரும்ப ஓடவிட்டால் சரி என்று சுட்டியை வலப்பக்கத்து மூலைக்குக் கொண்டுபோனேன். ரீச்சர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

‘தம்பி, மற்றதுகளை என்னவும் செய்யும். இஞ்சாலையிருந்து நாலாவதை மட்டும் மூடாதையும்.’

‘அதென்ன ரீச்சர்?’

‘அண்ணேன்ர செத்தவீடு. கனடாவில நடந்தது. நேராப் போகேலாமல் போச்சு, உதிலதான் பாத்தனான். அதுக்குள்ள அவர் கிடக்கிறார்.’

நாலாவது தாவலைத் தொட்டேன். ரொரன்ரோவில் ஒரு மண்டபம், மலர் வளையங்கள், இடையில் நிறுத்தப்பட்ட வீடியோ. சிறுவயதில் ஒரே பாயில் படுத்தெழும்பிய அண்ணனை அவர் கடைசியாகக் கண்டது அந்தச் சட்டத்தில்தான். அதை மூடாமல், கணினியையும் அணைக்காமல், உறங்கவைத்து எழுப்பி உறங்கவைத்து வைத்திருந்திருக்கிறார். இது ஒரு வயதுபோன மனுசியின் அறியாமை என்று இளம் பெடியன் ஒருவன் சொல்லிவிடலாம். நான் சொல்லமாட்டேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது கையில் எடுத்தது மட்டுந்தான் மிஞ்சியது. அலுமாரிக்குள் பத்திரமாகப் பூட்டிவிட்டுப் போன படங்கள் திரும்பி வந்தபோது இருக்கவில்லை. பூட்டி வைத்ததைத் திரும்பத் திறக்கலாம் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையிடம் உடைந்துபோயிற்று. இணையமும் அந்த நம்பிக்கையைத் தருவதில்லை. நேரலை இணைப்புகள் சில மாதத்தில் இல்லாமல் போகும். மூடினால் போய்விடும் என்ற அவருடைய பயம் சரியான பயம்.

நான் மூடவில்லை. அந்த வீடியோவைக் கோப்பாக இறக்கி, கணினியில் ஒன்றும் இரண்டு பென் டிரைவ்களில் ஒவ்வொன்றுமாகப் பதிந்தேன். ஒரு பென் டிரைவை சுவாமிப் படத்தட்டில், விபூதிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பிறகு இணையத்தை நிறுத்திவிட்டு, பதிந்த கோப்பைத் திறந்து காட்டினேன். அதே மண்டபம், அதே மலர்கள். ரீச்சர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்து சுட்டியை வாங்கி, நாலாவது தாவலின் புள்ளடியில் தானே அமர்த்தினார். ‘ஆட்டத் திவசத்துக்குத் திறந்து பாப்பம்’ என்றார்.

அவர் சொன்ன அந்தச் சொல்லில் எங்கள் மரபின் முழு விடையும் இருந்தது. செத்தவர்களை நாங்கள் நாளும் திறந்து வைத்திருப்பதில்லை. 31ஆம் நாள் அந்தியேட்டி செய்கிறோம். அன்றைக்குக் கல்வெட்டு அச்சடித்து, அவருடைய வம்சமும் வாழ்க்கையும் எழுதி, வந்தவர்கள் கையில் கொடுக்கிறோம். வருடம் முடிய ஆட்டத் திவசம். பிறகு ஆண்டுதோறும் திதி. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. கீரிமலையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது பெயர் சொல்லி அழைக்கிறோம், அன்றைக்கு அவர் திறக்கப்படுகிறார். மற்ற நாள்களில் மறைக்கப்பட்டிருக்கிறார். எழுதிப் பதிந்து வைத்தாயிற்று, அழைக்க நாளும் குறித்தாயிற்று. ஆகவே இன்றைக்கு அடுப்பை மூட்டலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் துக்கத்தை நன்றாக அறிந்தவர்கள்.

மறைத்தல் அருள் என்பதற்கு நான் கண்ட பொருள் இது. நித்திரையைப் பாருங்கள். நனவில் 35 கருவிகள் உயிரோடு கூடி நிற்கும் என்கிறது சித்தாந்தம். கனவில் 25. உறக்கத்தில் 3, பேருறக்கத்தில் 2, உயிர்ப்படக்கத்தில் 1. ஒவ்வோர் இரவும் கருவிகள் கழன்று உலகம் மறைகிறது. காலையில் அதே ஆள் அதே கடனோடு, அதே பாசத்தோடு எழும்புகிறார். இழந்தது ஒன்றுமில்லை. மறைக்கப்படாமல் இரண்டு இரவு இருந்து பார்த்தவர்களுக்கு அது எப்படிப்பட்ட கொடை என்று தெரியும். அழித்தலையே சித்தாந்திகள் இளைப்பாற்றுதல் என்று கொண்டார்கள். பிறந்து பிறந்து களைத்த உயிருக்கு ஓய்வு.

அண்மைக் காலத்து உலாவிகளும் இந்த வழிக்கு வந்திருக்கின்றன என்பதைக் காண எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஃபயர்பொக்ஸ் 2021இல் நினைவகம் குறையும்போது நெடுநேரம் பார்க்காத தாவல்களை இறக்கி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. குரோம் 2022 டிசம்பரில் நினைவகச் சேமிப்பானை வெளியிட்டது. அது எப்படிச் செய்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். தாவலின் பெயர் அங்கேயே இருக்கும், படமும் இருக்கும், வரிசையில் இடமும் மாறாது. உள்ளடக்கம் மட்டும் நினைவகத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். தொட்டால் திரும்ப வரும். பாட்டு ஓடும் தாவலை அது தொடாது. பாதி நிரப்பிய படிவம் இருக்கும் தாவலைத் தொடாது. இன்ன தளத்தை ஒருநாளும் இறக்காதே என்று நாங்கள் குறித்தும் வைக்கலாம். ஆணவம் மறைத்தால் பெயரும் தெரியாது, மறைந்தது என்பதும் தெரியாது. இந்த மறைப்பு பெயரை விட்டுவைக்கிறது, திரும்பும் வழியை விட்டுவைக்கிறது, பாதியில் நிற்கும் வேலைக்கு மரியாதை கொடுக்கிறது. உண்மை விளக்கத்தில் மனவாசகங் கடந்தார் கூத்தப் பெருமானின் உருவத்தில் ஐந்தொழிலையும் காட்டும்போது ஊன்றிய பாதத்தை மறைத்தலுக்கும் தூக்கிய பாதத்தை அருளுக்கும் உரியதாக வைக்கிறார். கோயிலில் கைகூப்பும்போது எல்லோர் கண்ணும் தூக்கிய திருவடிக்குத்தான் போகிறது. அந்தத் திருவடி தூக்கி நிற்கும் பாரம் முழுவதையும் தாங்குவது ஊன்றிய பாதம்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது எல்லாம் ஆபத்தான போதனையாகிவிடும். திரும்ப எடுக்கலாம் என்றால்தான் அது மறைத்தல். மூலப் பிரதியே இல்லாத இடத்தில் மூடச் சொல்வது வேறு காரியம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. அவற்றுக்குத் திதி கொடுக்கலாம், திரும்ப அழைக்க முடியாது. ‘பழசையெல்லாம் மறந்துவிட்டு முன்னுக்குப் போங்கள்’ என்று எங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் பலர். மறக்கச் சொல்பவர் முதலில் பதியவிட வேண்டும். என்ன நடந்தது, யார் யார் இல்லாமல் போனார்கள் என்று எழுதி, பெயர்களை வரிசையில் விட்டுவைத்த பிறகுதான் மனம் எதையும் இறக்கி வைக்கும். பதியாததை இறக்கச் சொன்னால் அது பிடித்துக்கொண்டுதான் கிடக்கும், அந்தப் பிடி நியாயமான பிடி. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாயிடம் போய்ப் பற்றை விடு என்று எந்தச் சித்தாந்தமும் சொல்லாது. சொன்னால் அது சித்தாந்தமும் ஆகாது. மெக்கார்த்தியின் விதி அங்கே தாயின் பக்கந்தான் நிற்கிறது: வேரிலிருந்து ஒரு பிடி இருக்கும்வரை அது குப்பை ஆகாது, அதைத் தீர்மானிக்க வெளியே நிற்பவருக்கு உரிமை இல்லை.

இதனால்தான் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தை நான் ஒரு சமயத் தொண்டாகவே மதிக்கிறேன். ஈழத்து நூல்கள், பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள் என்று ஒவ்வொரு பக்கமாக மின்வருடி இணையத்தில் வைக்கிறார்கள். எங்கள் வீடுகளில் அச்சடித்த கல்வெட்டுகளையும் நினைவு மலர்களையும்கூட அவர்கள் சேர்க்கிறார்கள். அந்தக் கனமான கோப்புகளை 4 ஜீபீ கணினியில் திறந்தால் அது திணறத்தான் செய்யும். திணறட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, வாசித்து, மூடலாம். எங்கேயோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தால்தான் ஒரு சமூகத்துக்கு எதையும் மூடும் துணிவு வரும்.

வாசிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம் குறிப்பாக. அம்மாவின் கணினி இழுபடுகிறது என்று கண்டவுடன் எல்லாவற்றையும் மூடி, துடைத்து, புதிதாக்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருங்கள். ஒவ்வொரு தாவலையும் காட்டி இது என்ன, ஏன் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வைக்க வேண்டியதை இரண்டு இடத்திலாவது பதிந்து, பதிந்ததைத் திறந்தும் காட்டுங்கள். அலுமாரிக்குள் பழைய கல்வெட்டு கிடந்தால் நூலகத்துக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகு சுட்டியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.